பிறவாதவர் பங்கு

கிழக்குத் திமோர் 2002இல் சுதந்திரம் பெற்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இந்தோனேசியப் படைகளும் அவற்றின் ஆதரவுக் கும்பல்களும் அங்கிருந்து வெளியேறின. போகும்போது வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று நாட்டின் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்த அழிவிலிருந்து எழுந்து நிற்பதற்குள், 2005இல், திமோர் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் ஒரு சட்டத்தை இயற்றியது. கடலடியிலிருந்து வரும் எண்ணெய், எரிவாயுப் பணம் மொத்தமும் ஒரு நிதியத்துக்குள் போகும். கையிருப்பும் இனி வரப்போகும் வருமானமும் சேர்ந்த மொத்த எண்ணெய்ச் செல்வத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால், அது நாட்டின் நீண்டகால நலனுக்கு எப்படி உகந்தது என்று அரசு நாடாளுமன்றத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. எண்ணெய் தீர்ந்துபோன பிறகு பிறக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும் என்பதே அது. ஆனால் அதே நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதத்தினர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் குன்றிப்போயிருந்ததை 2009-10 ஆய்வு காட்டியது. பிறவாத குழந்தைக்குச் சேர்த்துவைக்க, பிறந்த குழந்தையின் தட்டில் கைவைக்கலாமா?

பூமிக்கடியில் கிடைத்ததை நம்பி வாழும் எந்த நாடும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நிதியமைச்சர்கள் இதைச் சதவீதக் கணக்காகவே பேசுவார்கள். அடிப்படையில் இது பாகப்பிரிவினை வழக்கு; ஒரு தரப்பு இன்னும் பிறக்கவே இல்லை என்பதுதான் சிக்கல்.

பிறவாதவர் தரப்பு வாதம் வலுவானது. நெல்லை விற்பது வேறு, நெல் விளையும் நிலத்தை விற்பது வேறு. எண்ணெயும் வைரமும் இரும்புத்தாதுவும் இரண்டாம் வகை. வரவுசெலவுத் திட்டத்தில் அது ‘வருவாய்’ என்று எழுதப்பட்டாலும், உண்மையில் நடப்பது சொத்து விற்பனை. அந்தச் சொத்தை எந்தத் தலைமுறையும் உழைத்து உண்டாக்கவில்லை. ஆகவே, முழுவதும் எனக்கே என்று சொல்லும் உரிமையும் எந்தத் தலைமுறைக்கும் கிடையாது. தோண்டி எடுத்ததன் மதிப்பு வேறொரு மூலதனமாக மாறிவிட்டால் பின்னால் வருபவர் இழப்படைய மாட்டார் என்று கனடாப் பொருளியலாளர் ஜான் ஹார்ட்விக் 1977இல் காட்டினார். கோவா சுரங்க வழக்கில் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றமும் இதே வழியில் போனது. விற்கும் இரும்புத்தாதுவின் மதிப்பில் 10 சதவீதத்தை ஒரு நிரந்தர நிதியத்தில் போட வேண்டும், தலைமுறைகளுக்கிடையிலான நீதி அதைக் கோருகிறது என்றது நீதிமன்றம்.

அந்தப் பங்கைக் கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நவுரு இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. தரை முழுக்கப் பாஸ்பேட். 1968இல் சுதந்திரம் பெற்று, சுரங்கங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்த பிறகு, 1970களில் தலைக்கு வருமானக் கணக்கில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றாக இருந்தது. அப்போது வருமான வரி கிடையாது. சொந்த விமான நிறுவனம் உண்டு. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் ஒன்றையும் எழுப்பினார்கள். 1993இல் லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகத்துக்குக்கூட நவுரு பணம் போட்டது. நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது. எதிர்காலத்துக்கென்று வைத்திருந்த அறக்கட்டளையில் ஒரு காலத்தில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் இருந்தது. மோசமான முதலீடுகளும் கடனும் அதைக் கரைத்தன. 2004இல் மெல்போர்ன் கட்டடமும் கைமாறியது. தீவின் நடுப்பகுதி இன்று சுண்ணாம்புக்கல் முட்கள் துருத்திக்கொண்டிருக்கும் வறண்ட மேடு. 2001 முதல், ஆஸ்திரேலியா திருப்பியனுப்பும் அகதிகளை அடைத்துவைக்க இடம் கொடுப்பது அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்றானது.

நவுருவைப் பார்த்த யாரும் நார்வேயை நோக்கிக் கை காட்டுவார்கள். கிழக்குத் திமோரின் சட்டமும் நார்வேயைப் பார்த்து எழுதப்பட்டதுதான். 1969 கடைசியில் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1990இல் நிதியத்துக்குச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று 2001இல் வரம்பு கட்டினார்கள். 2017இல் அதையும் 3 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆண்டிலேயே நிதியம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டது. மக்கள்தொகையோ அரைக் கோடியைச் சற்றே தாண்டியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு தேதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிதியத்தில் முதல் பணம் விழுந்தது 1996இல். எண்ணெய் கிடைத்து ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் நார்வே கடனை அடைத்தது, எண்ணெய்த் தொழிலைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டது, ஓய்வூதியத்தையும் மருத்துவத்தையும் விரிவாக்கியது. எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அடிப்படைத் தேவைகள் தீர்ந்த பிறகு சேமிக்கத் தொடங்கிய நாட்டின் விதியை, எரிந்த பள்ளிக்கூடங்களைக் கட்டி முடிக்காத நாட்டின் மேல் அப்படியே வைத்தால் பொருந்துமா?

கேம்பிரிட்ஜ் கணிதமேதை ஃப்ராங்க் ராம்சே, ஒரு சமூகம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று 1928இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் வருபவரின் இன்பதுன்பத்தை, பின்னால் வருகிறது என்பதற்காகவே குறைத்து மதிப்பது அறமாகாது என்பது அவர் நிலை. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதிலேயே ஒரு மறுபக்கம் இருக்கிறது. இருவர் துன்பமும் சமம் என்றால், யார் அதிக வறியவரோ அவருக்குத்தான் முதல் உரிமை. நாடு வளரப்போகிறது என்றால் பேரப்பிள்ளைகள் இன்றைய மக்களைவிட வசதியாக இருப்பார்கள். அவர்களுக்காக இன்றைய ஏழை வயிற்றைக் கட்ட வேண்டும் என்பது, இல்லாதவனிடமிருந்து எடுத்து இருப்பவனுக்குக் கொடுப்பது. வறிய நாடுகள் வெளிநாட்டுப் பத்திரங்களில் பணத்தைப் பூட்டாமல், உள்நாட்டிலேயே சாலை, மின்சாரம், கல்வி என்று முதலீடு செய்ய வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் பால் கோலியர் வாதிட்டதும் இதனால்தான்.

சேமிப்பைச் சடங்காகச் செய்தால் எப்படி முடியும் என்பதைக் கானாவில் பார்க்கலாம். 2010 டிசம்பரில் அங்கே கடலிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது. மறு ஆண்டே சட்டம் போட்டு, வருங்காலத் தலைமுறைக்கென்று ஒரு மரபு நிதியம் அமைத்தார்கள். அந்தப் பணம் பாதுகாப்பான வெளிநாட்டுப் பத்திரங்களில் சொற்ப வட்டி ஈட்டிக்கொண்டிருந்தது. 2015இல் இதே அரசு வெளிநாட்டுச் சந்தையில் 10.75 சதவீத வட்டிக்கு 100 கோடி டாலர் கடன் வாங்கியது. பேரப்பிள்ளையின் பெயரில் ஒரு பக்கம் சேமிப்பு, அவர்கள் தலையிலேயே அதைவிடப் பெரிய கடன். 2017இல் மேல்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்க மரபு நிதியத்திலிருந்து எடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அரசு வேறு எண்ணெய்ப் பணத்தை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை வருங்காலத் தலைமுறை இல்லை என்றால் வேறு யார்? 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவைத்தது.

ஹார்ட்விக் சொன்ன ‘வேறொரு மூலதனம்’ எது என்பதில்தான் அறக்கேள்வி முழுதும் அடங்கியிருக்கிறது. நியூயார்க்கில் வாங்கிய கடன்பத்திரமும் மூலதனம்தான். இரண்டு வயதுக்குள் நல்ல சாப்பாடு கிடைத்த குழந்தையின் மூளையும் மூலதனம்தான். பத்திரத்தை அடுத்த ஆண்டும் வாங்கலாம். அந்த இரண்டு ஆண்டுகள் திரும்ப வரமாட்டா.

போட்ஸ்வானா இதை நன்றாக உணர்ந்த நாடு. 1966இல் சுதந்திரம், மறு ஆண்டே ஒராபாவில் வைரம். அது குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவான பாமங்வாட்டோ மக்களின் நிலம். கனிமங்கள் இனக்குழுக்களுக்கு அல்ல, நாடு முழுவதற்கும் சொந்தம் என்று சட்டம் கொண்டுவந்தவரும் அவரேதான். 1994இல் சேமிப்புக்காகப் பூலா நிதியம் வந்தது. அதற்குள் எய்ட்ஸ் நாட்டைச் சூறையாடத் தொடங்கியிருந்தது. 2000 வாக்கில் வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் எச்ஐவி தொற்று என்று ஐ.நா. அமைப்பு மதிப்பிட்டது. 2002இல், ஆப்பிரிக்காவிலேயே முதன்முதலாக, அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டு உதவியும் வந்தது, வைரப் பணமும் போனது. அன்று சேமிப்பு விதியைக் காட்டிக் கையை இறுக்கியிருந்தால், சேமித்ததை அனுபவிக்க ஆள் இருந்திருக்காது.

ஆனால் போட்ஸ்வானாவின் கதை அதோடு முடியவில்லை. ஆய்வகங்களில் உருவாக்கிய செயற்கை வைரம் மலிவாகக் குவிந்ததும், 2023 முதல் இயற்கை வைர விற்பனை சரிந்தது. சேமிப்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. 2025 ஆகஸ்டில், மருத்துவமனைகளில் மருந்து தட்டுப்பாட்டால் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவிக்க வேண்டிய கட்டாயம் குடியரசுத் தலைவர் டுமா போக்கோவுக்கு ஏற்பட்டது. செலவு செய்ததால் ஒரு தலைமுறை பிழைத்தது. கையிருப்பு குறைந்ததால் அடுத்த தலைமுறை மருந்துக்குத் தவித்தது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இனி கிழக்குத் திமோருக்குத் திரும்பலாம். 2006இல், பாரபட்சம் காட்டுவதாகப் புகார் சொன்ன ஏறத்தாழ 600 படைவீரர்களை அரசு நீக்கியதிலிருந்து கலவரம் வெடித்தது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். தலைநகர் டிலியில் விமான நிலையத்தை ஒட்டியும் பூங்காக்களிலும் கூடாரங்கள் முளைத்தன. 2007இல் ஷனானா குஸ்மாவ் தலைமையில் வந்த அரசு, வீடிழந்த குடும்பங்களுக்கும் நீக்கப்பட்ட வீரர்களுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் ரொக்கமாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கூடாரங்கள் காலியாயின. 2009 முதல் 3 சதவீத வரம்பை அரசு ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் தாண்டியது. விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தவறு. உள்நாட்டுப் போர் மூண்டிருந்தால் எந்தச் சேமிப்பும் மிஞ்சியிருக்காது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த நாடு செய்த நல்ல செலவுகளில் கூடாரங்களைக் காலியாக்கிய ரொக்கமும் ஒன்று. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

அதன் பிறகு நடந்ததுதான் நெருடுகிறது. கிரேட்டர் சன்ரைஸ் என்ற கடல் வயலின் எரிவாயு ஒரு நாள் தென்கரைக்கு வரும் என்று நம்பி, சுவாய் ஊரில் விமான நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்கு நான்கு வழிச்சாலை போட்டார்கள். ஒப்பந்தம் ஏறத்தாழ 30 கோடி டாலர். சாலையில் போக்குவரத்து சொற்பம். எரிவாயு இன்னும் கடலுக்கடியிலேயே இருக்கிறது. 2019இல் அந்த வயலில் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வைத்திருந்த பங்குகளை வாங்க 65 கோடி டாலர் போனது. அதே காலத்தில் அரசுப் பள்ளி மதிய உணவுக்கு ஒரு மாணவருக்கு நாளுக்கு ஒதுக்கப்பட்டது 25 சென்ட். பணம் வந்துசேரத் தாமதமானால் அந்த ஒரு வேளையும் இல்லை. ஏழைத் தாய்மாருக்கான உதவியில் குழந்தைக்கு மாதம் 5 டாலர். விடுதலைப் போராளிகளின் ஓய்வூதியம் மாதம் பல நூறு டாலர்.

போராளிகளுக்குக் கொடுத்ததைக் குறை சொல்வது எளிதல்ல. 24 ஆண்டுகள் ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்றவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமைச்சரவையில் போராளிகளுக்குக் குரல் உண்டு. ஒப்பந்தக்காரர்களுக்கு எங்கும் குரல் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கும் பிறவாத குழந்தைக்கும் வாக்கு இல்லை. பிறவாதவருக்காவது ஒரு சட்டம் எழுதிவைத்தார்கள். 2020 ஆய்விலும் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 47 சதவீதம். 2005இல் சட்டம் காக்க நினைத்த ‘எதிர்காலத் தலைமுறை’ அந்த ஆண்டே பிறக்கத் தொடங்கிவிட்டது. அவர்களில் மூத்தவர்களுக்கு இருபது வயதாகிவிட்டது.

சட்டம் மட்டும் எவரையும் காக்காது என்பதைச் சாட் நாடும் காட்டியது. உலக வங்கி ஆதரவுடன் கேமரூன் வழியாக 1,070 கிலோமீட்டர் எண்ணெய்க்குழாய் போட, 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு என்று 1999இல் சட்டம் செய்தார்கள். கிளர்ச்சியாளர்கள் நெருங்கியதும், 2006 தொடக்கத்தில் அந்த நிதியத்தையே கலைத்துவிட்டு, பாதுகாப்பையும் ‘முன்னுரிமைச் செலவு’ ஆக்கினார்கள். கேட்க உள்ளூரில் பலமுள்ள ஆள் இல்லை. இந்த வகையில் திமோர் மேல். மத்திய வங்கி நிதியத்தின் கணக்கை மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிடுகிறது. லாவோ ஹமுத்துக் என்ற டிலி ஆய்வமைப்பு ஆண்டுதோறும் பட்ஜெட்டைப் பிரித்துப்போட்டு விமர்சிக்கிறது.

ஆகவே கிழக்குத் திமோர் மேல் சுமத்த வேண்டிய குற்றம், வரம்பை மீறி எடுத்தது அல்ல. வறிய நாட்டுக்கு அந்த உரிமை உண்டு. நீண்டகால நலனைக் காரணம் காட்டி எடுத்து, குழந்தைகளுக்குக் கடைசியாகக் கொடுத்ததே குற்றம். பெரிய எரிவாயு வயலான பாயு-உண்டானில் உற்பத்தி 2025இல் நின்றுவிட்டது. இதே வேகத்தில் எடுத்தால் 2030களில் நிதியம் காலியாகும் என்று அரசின் சொந்த மதிப்பீடுகளே எச்சரித்திருக்கின்றன. ‘நீண்டகால நலன்’ என்று எழுதித் தரும் விளக்கத்தை நாடாளுமன்றம் இனி அப்படியே ஏற்கக் கூடாது. வரம்புக்கு மேல் எடுக்கும் பணத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் உணவுக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் எவ்வளவு போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு எடுத்ததால் எத்தனை குழந்தைகள் எடை கூடினார்கள் என்ற கணக்கு மேசைக்கு வரும்வரை, அடுத்த சாலைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.