சத்தம் போடாதவர்கள்

2023 ஒக்டோபரில் எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கடனைப் புதுப்பித்தபோது இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 சதவீதம். இப்போது 5.25. மாதம் 1,080 பவுண் கட்டி வந்த நாங்கள் இனி 1,630 கட்டவேண்டும் என்று கடிதம் வந்தது. அதே மாதம் என்னுடைய ஒப்பந்த வேலையும் முடிந்தது. அடுத்தது கிடைக்கப் பதினொரு வாரங்கள் எடுத்தன, அதுவும் குறைந்த நாட்சம்பளத்துக்கு. (ஐ.டி. ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டாலும் நாங்கள் மடிக்கணினி வைத்திருக்கும் நாட்கூலிகள்தான்.)

பிள்ளைகள் படுத்த பிறகு மனைவியும் நானும் குசினி மேசையில் எக்செல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தோம். இரண்டு நிரல்கள்: தேவை, விருப்பம். மோட்கேஜ், கவுன்சில் வரி, காஸ், மின்சாரம், கார்க் காப்புறுதி, சாப்பாடு எல்லாம் கேள்வியின்றித் தேவைக்குள் போயின. மகனின் மிருதங்க வகுப்புக்காக அரை மணித்தியாலம் வாதாடினோம். அதுவும் தேவையானது. நெற்ஃபிளிக்ஸ் விருப்பம். பிறகு 'ஊருக்கு' என்ற வரி வந்தது. என் சித்திக்கு மாதாமாதம் அனுப்பும் காசு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதை நெற்ஃபிளிக்ஸுக்குக் கீழே தட்டச்சு செய்தவன் நான்தான்.

எங்களை ஏழைகள் என்று சொல்ல வரவில்லை. 2022–23 நிதியாண்டில் ட்ரஸல் ட்ரஸ்ட்டின் உணவு வங்கிகள் மட்டும் இந்த நாட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் பொதிகளைக் கொடுத்தன. நாங்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் கடையை மாற்றியது, ஹீற்றரை 18இல் வைத்தது, வெள்ளிக்கிழமை எடுப்புச் சாப்பாட்டை நிறுத்தியது. ஆனால் செலவைக் குறைக்க உட்காரும் எந்த வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது: முதலில் யாருடைய பங்கில் கை வைப்பது? வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்தக் கேள்வி மாறுவதில்லை.

உண்மையில் அந்தப் பங்கில் நான் முன்பே ஒருமுறை கை வைத்திருந்தேன். 2022 தொடக்கத்தில் ஒரு பவுணுக்கு 270 ரூபாய் அளவில் கிடைத்தது. நூறு பவுண் அனுப்பினால் சித்தியின் கையில் 27,000. இலங்கை ரூபாய் விழுந்து, அந்த வருட நடுவில் ஒரு பவுண் 430 ஆனது. இங்கேயோ எரிபொருள் கட்டண உச்சவரம்பு ஏப்ரலில் 1,277 பவுணிலிருந்து 1,971க்கு ஏறியிருந்தது. நான் கணக்குப் போட்டேன். அறுபது பவுண் அனுப்பினாலே கிட்டத்தட்ட 26,000 ரூபாய் போகும். சித்திக்குப் பெரிய நட்டமில்லை, எனக்கு நாற்பது பவுண் மிச்சம். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பொருட்களின் விலை ஓராண்டில் சுமார் 70 சதவீதமும், உணவின் விலை 95 சதவீதம் அளவிலும் ஏறியிருந்ததை நான் அறியாதவன் அல்ல. செய்தி வாசித்தேன், நண்பர்களோடு அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினேன். என்னுடைய தாளில் மட்டும் அது ஏறவில்லை.

எங்கள் தொழிலில் 'ஸ்க்ரீம் டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்கும்போது, யார் பாவிக்கிறார்கள் என்று தெரியாத பழைய சேர்வர் ஒன்றை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எவராவது கத்தினால் திரும்பப் போடுவோம். இரண்டு மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லையென்றால் அது தேவையற்றது என்று கழற்றிவிடுவோம். பலமுறை செய்திருக்கிறேன். அந்த ஒக்டோபரில் சித்திக்குச் செய்ததும் அதுதான் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. சொல்லாமல் நிறுத்தினேன். அவர் கத்தவில்லை. நவம்பரில் தொலைபேசியில் மழையைப் பற்றிச் சொன்னார், பிள்ளைகளின் சளியை விசாரித்தார். டிசெம்பரில் லண்டனுக்கு வந்த ஒருவரிடம் மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் கொடுத்துவிட்டார். நானும் சத்தம் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வங்கி கத்தும். காஸ் நிறுவனம் சிவப்பு எழுத்தில் கத்தும். கார்க் காப்புறுதி ஒருநாள் பிந்தினாலும் கத்தும். எங்கள் 'தேவை' நிரலைத் திரும்பப் பார்த்தால், அதில் பாதி எங்கள் தேவைகள்தான். மீதி எங்களைத் தண்டிக்கக் கூடியவர்களின் பெயர்ப்பட்டியல்.

சித்தியின் காசு எந்த நிரலுக்கு உரியது? கடன் என்று சொல்லிப் பார்த்தேன். என் முதுகலைப் படிப்பின் முதல் தவணைக்கு அவர் ஒரு சோடி காப்பை விற்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 'உனக்குப் பிறகு எனக்கென்னத்துக்கு' என்றார். கடன் என்றால் அந்தக் காப்பின் விலையை நான் எப்போதோ அடைத்துவிட்டேன், கணக்கு முடிந்தது. கொடை என்று சொல்லிப் பார்த்தேன். கொடை என்றால் நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், யாரும் கேட்க முடியாது. இரண்டு சொல்லுமே என்னை விடுவிக்கின்றன. அதனால்தான் இரண்டிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருபது வருடமாக ஒருவர் என் காசை நம்பித் தன் மாதத்தை அமைத்துக்கொள்ள நான் விட்டிருக்கிறேன். அப்படி அமைந்த வாழ்க்கையை, சொல்லாமல் கொள்ளாமல் கழற்ற எனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் தம்பியின் வீட்டுக்கு கிரெடிற் கார்ட்டில் காசெடுத்து அனுப்பினார். வீடு எழும்பியது, இங்கே இவர் முங்கினார். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அரசனுக்குச் சொல்வதைக் குடும்பஸ்தனும் கேட்கலாம்: அளவறிந்து கொடு, உள்ளதை எடைபோடாமல் ஊருக்குச் செய்தால் செல்வம் விரைவில் கெடும். மனைவியின் பக்கமும் அதுதான். 'உங்கட சித்தி, என்ர அம்மா, ரெண்டு பேரையும் இந்த ஒரு தாள் தாங்குமோ?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. அளவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அளவு பார்ப்பது வேறு, மிஞ்சினால் பார்ப்போம் என்பது வேறு.

தொண்ணூறுகளின் முதல் பாதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் யாழ்ப்பாண வீட்டில் சீனியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருமையாக இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அம்மம்மா அரிசி களையமுன் ஒரு பிடி எடுத்துச் சின்னப் பானையில் போடுவார். வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்பவருக்கு அது போகும். சுண்டுக் கணக்கில் அரிசி வாங்கிய நாட்களிலும் அவர் அதை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. பிடி மட்டும் சிறுத்தது. சோறு வடித்து நாங்கள் சாப்பிட்ட பிறகு பானையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்திருந்தால், அந்தக் காலத்தில் ஒருநாளும் மிஞ்சியிராது.

2024 ஜனவரியில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: கிளினிக்கில் இல்லாத பிறஷர்க் குளிசையை சித்தி வெளியில் வாங்கி, ஒன்றுவிட்டொரு நாள்தான் போடுகிறாராம். அவரும் ஒரு தாள் போட்டிருக்கிறார்.

அடுத்த நாள் எடுத்தேன். வட்டி ஏறியதையும், வேலை போய் வந்ததையும், சொல்லாமல் நிறுத்தியதையும் சொன்னேன்.

'எவ்வளவு கடன் உனக்கு?'

'இரண்டரை இலட்சம் பவுண், சித்தி.'

'எங்கட காசில?'

'பத்துக் கோடிக்குக் கிட்ட.'

சிறிது நேரம் சத்தமில்லை. 'ஐயோ அப்பன், பிறகேன் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தனீ?'

குளிசையைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. 'ஆர் உனக்குச் சொன்னது?' என்று தங்கை மேல் கோபித்துக்கொண்டார்.

இப்போது அந்த வரி மோட்கேஜுக்கு நேர் கீழே இருக்கிறது. மாதம் முதலாம் திகதி இரண்டும் ஒன்றாகப் போகின்றன. நாற்பதா அறுபதா என்று மனைவியும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தற்போதைக்கு ஐம்பது, மாமிக்கும் ஐம்பது. நெற்ஃபிளிக்ஸ் போய்விட்டது. மகள் ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை.

காசு கிடைத்ததும் எடுக்கும் சித்தி இப்போது முதலில் கேட்பது, 'வட்டி குறைஞ்சுதோ?' 2024 ஓகஸ்டில் இங்கிலாந்து வங்கி கால் சதவீதம் குறைத்தபோது, ஓம், கொஞ்சம் என்றேன். எங்கள் வட்டி 2025 வரை மாறாது என்று விளக்கப் போகவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோசம்.