கேட்டதெல்லாம் வேதமாமோ?



வேத விஷயத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டு, “இது மெய்தானா?” என்று வினவுவது விசுவாசக் குறைவாகுமோ? நம்மில் பலர் அப்படியே எண்ணி அஞ்சுகிறோம். ஆனால் அர்ச். சின்னப்பர் பெரேயா பட்டணத்தில் பிரசங்கித்தபோது, அங்குள்ளோர் அவர் சொன்னவை மெய்தானா என்று தினந்தோறும் வேதாகமத்தில் ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் நடபடி 17-ஆம் அதிகாரம் அவர்களைக் கண்டிக்கவில்லை, புகழ்கிறது. அப்போஸ்தலரின் போதனையே உரைகல்லுக்கு வந்ததென்றால், நம் வாசலுக்கு வரும் வார்த்தையை உரைத்துப் பார்ப்பதில் பிழையென்ன? தட்டான் உரைத்துப் பார்ப்பது பொன்னுக்கு அவமானமன்று.

“இச்செய்தியைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பு, தவறினால் வீட்டில் துன்பம் வரும்” என்று முன்பு தபால் கார்டில் வந்தது இன்று கைப்பேசியில் வருகிறது. அதைவிடக் கொடியது, “மருந்து உண்பது அவிசுவாசம்” என்னும் போதனை. சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பி ஊசியை நிறுத்தினால், போவது உயிரல்லவா?

நம் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு அப்பால், கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவிலை எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747) பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆசனம் குளிர்ந்தால் சாவு வருமென்று ஒருவன் சொன்னதை அந்தக் குரு நம்பினார், சீடர்களும் நம்பினர். ஏன், எப்படி என்று கேட்பாரில்லை. அந்த நம்பிக்கையே குருவின் முடிவுக்கு வழியாயிற்று. கதையைப் படித்து நாம் சிரிக்கிறோம். சிரித்த பிறகு, அந்தச் சீடர் வரிசையில் நாமும் நிற்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் அவரவர் மனதுக்குப் பிடித்ததை எடுத்து, பிடியாததைத் தள்ளலாமா? அதுவும் ஆகாது. தன் விருப்பத்தையே உரைகல்லாக்குகிறவன் தன்னைத்தானே குருவாக்கிக்கொள்கிறான். அளவுகோல் நமக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. முதலாவது, கேட்ட போதனை விசுவாசப் பிரமாணத்தோடும் திருச்சபையின் ஞானோபதேசத்தோடும் ஒத்திருக்கிறதா? மருத்துவனையும் மருந்தையும் தந்தவர் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறதே! இரண்டாவது, அதன் கனி என்ன? பிறர்சிநேகமும் சமாதானமும் வளர்கின்றனவா, அல்லது பயமும் பகையுமா? மூன்றாவது, போதிக்கிறவர் பங்குக்குருவிடமும் மேற்றிராணியாரிடமும் சோதனைக்கு உட்படுகிறாரா, அல்லது “யாரிடமும் கேளாதே” என்கிறாரா? வெளிச்சத்திற்கு அஞ்சும் போதனையைப் பற்றி வேறு சாட்சி வேண்டுமோ?

பகுத்தறிதல் என்பது தள்ளுவது மட்டுமன்று. நல்லதை நல்லதென்று கண்டுகொள்வதும் அதுவே. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் அறிவித்தது. இராமலிங்க அடிகளார் 1867-ல் நம் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் பசித்தவர்க்குச் சோறு ஆக்குகிறது. நம் விசுவாசத்தில் ஓர் அணுவும் குறையாமலே அந்த இரக்கத்தை நாம் மதிக்கலாம்; நம் வீட்டு அடுப்பு எத்தனை பேர் பசியை ஆற்றியதென்றும் கேட்டுக்கொள்ளலாம்.

உறுதிபூசுதலில் நாம் பெற்ற இஸ்பிரீத்துசாந்துவின் ஏழு கொடைகளில் விமரிசையும் ஒன்று. அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டாம். இவ்வாரம் புதுமையான போதனையொன்று உங்கள் வீட்டிற்கு வந்தால், பிறருக்கு அனுப்புமுன் ஒரு நாள் பொறுங்கள்; ஜெபியுங்கள்; ஞானோபதேசத்தைத் திறந்து பாருங்கள்; ஐயம் தீராவிடில் பங்குக்குருவைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளும் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கூட உட்கார்ந்து விடை தேடுங்கள்.