விரலில் ஒரு விலங்கு

பத்துமலைக்குக் காவடி எடுப்பதற்காக 48 நாள் விரதம் இருப்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். முட்டை கலந்திருக்குமோ என்று கேக்கைத் தொடமாட்டார்கள். மீன் பொரித்த சட்டியில் அப்பளம் பொரித்தால் அதையும் ஒதுக்கிவிடுவார்கள். இத்தனை கவனமாகச் சோறு பிசையும் அதே கையில், மோதிர விரலில், ஒரு விலங்கின் கூடு தங்கத்தில் பதிந்து கிடக்கிறது. செவ்வாய்க்காகப் போட்ட பவளம் அது. தட்டில் மீன் வந்தால் பாவம், விரலில் பவளம் இருந்தால் பரிகாரம். இது எந்த நியாயத்தில் சேரும்?

சைவ உணவைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஓர் உயிரைக் கொல்லாமல் பசியாற வேண்டும் என்று நினைப்பது உயர்ந்த எண்ணம். அந்த எண்ணம் கண்ணும் குரலும் உள்ள உயிர்களோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். ஆடு கத்துகிறது, கோழி துடிக்கிறது, பார்ப்பவர் மனம் இளகுகிறது. பவளம் கத்தாது. இதுவரை அறியப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முதுகெலும்பு இல்லாதவை. அவை நம்முடைய ஜீவகாருண்யக் கணக்கில் ஏறவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நவரத்தின மோதிரம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஒன்பதில் ஏழு, மண்ணிலிருந்து தோண்டிய கனிமங்கள். முத்தும் பவளமும் கடலுயிர்களின் உடம்பிலிருந்து பிடுங்கியவை. பூசைச் சாமான் கடைக்குப் போனால் சங்கும் சேர்ந்துகொள்ளும். பக்தியின் பெயரால் விற்கும் இந்த மூன்றுமே முதுகெலும்பில்லாத விலங்குகளின் மிச்சங்கள். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விற்கிறவர் சொல்வதில்லை, எழுதிக் கொடுக்கும் சோதிடரும் சொல்வதில்லை.

மோதிரத்துக்கு வரும் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்தும், ஜப்பான், தைவான் பக்கத்து ஆழ்கடலிலிருந்தும் எடுக்கப்படுவது. ரெடாங், தியோமான் தீவுகளில் நாம் பார்க்கும் பவளப்பாறை வேறு இனம். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் வெளிச்சம் குறைந்த குகைச் சுவர்களிலும் பாறை இடுக்குகளிலும் ஒட்டி வளர்கிறது. சிவந்த கிளை நெடுகப் பொடிப்பொடியாக வெள்ளை உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள், கையின் இரண்டு ஓரத்திலும் இறகுபோலப் பிசிறு. நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களை அந்தக் கைகளால் பிடித்து நடுவிலுள்ள வாயில் போட்டுக்கொள்ளும். தொட்டால் அத்தனையும் உள்ளே சுருங்கிவிடும். ஒரே கிளையில் இருப்பவையெல்லாம் உடம்பால் இணைந்தவை. ஒன்று தின்ற சத்து அடுத்ததற்கும் போய்ச் சேரும். கிளை தடிப்பது ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர், கொஞ்சம் கூடக்குறைய. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மோதிரப் பவளம் வேண்டுமென்றால் அந்தக் கிளைக்கு முப்பது நாற்பது வயதாகியிருக்க வேண்டும். இப்போது கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணைவிட அது மூத்தது.

எடுத்த விதம் அதைவிடக் கொடுமை. கனமான இரண்டு கட்டைகளைச் சிலுவைபோலப் பூட்டி, வலைத்துண்டுகளைத் தொங்கவிட்டுக் கடலடியில் இழுத்துக்கொண்டே போவார்கள். பவளத்தோடு அங்கே ஒட்டி வாழ்ந்த எல்லாமே பிய்ந்து வரும். ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது 1994இல்தான். பிறகு 1999இலும் 2003இலும் கடல் நீர் சூடேறி அந்தப் பவளம் கூட்டம் கூட்டமாகச் செத்தது. மத்தியதரைக் கடலில் அது அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியது. பன்னாட்டு வணிகத்துக்குக் கடிவாளம் போட 2007இலும் 2010இலும் எடுத்த முயற்சிகள் தோற்றன. இதில் நமக்கென்ன பங்கு என்று யாரும் கேட்க வேண்டாம். ரோமர்கள் முத்தைப் போற்றுவதுபோல இந்தியர்கள் பவளத்தைப் போற்றுகிறார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்து ஏறத்தாழ 2,000 ஆண்டு ஆகிறது. அந்தக் கடலைச் சுரண்டியதில் நம்மவர்களின் ஆசைக்கு அன்றிலிருந்தே பங்குண்டு.

பவளம் விலங்குதான் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1706இல் மார்சிலி என்ற இத்தாலியர் அப்போதுதான் எடுத்த பவளக் கிளையைக் கடல்நீரில் வைத்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக எட்டிதழ் விரிந்தது. பூ பூத்துவிட்டது, ஆகவே பவளம் செடி என்று அறிவித்தார். ஐரோப்பா நம்பியது. 1720களில் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல் அதே சோதனையைப் பொறுமையாகச் செய்து, பூ என்று நினைத்தது தொட்டால் சுருங்குகிறது, அழுகினால் மாமிச நாற்றம் வீசுகிறது, அது ஒரு பிராணி என்றார். பாரிஸ் அறிவியல் கழகம் ஏற்கவில்லை. அங்கே அதை எடுத்துச் சொன்ன ரெயோமூர், பெய்சொனெலுக்கு அவமானம் வரக்கூடாது என்று பெயரைக்கூட மறைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் புதிய சான்றுகள் வந்தபோது அதே ரெயோமூர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நம் பஞ்சாங்கம் அச்சாகி வராத ஆண்டில்லை. இத்தனை பதிப்புகளில் பவளத்தைப் பற்றி அது ஒரு வரியையாவது திருத்தியதா?

இப்போது செவ்வாய்க்கு வருவோம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். வீடுகள் மொத்தம் 12, அதில் 5 வீடு தோஷம். அதாவது எந்தக் குறையும் இல்லாத 100 குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 42 பேர் தோஷக்காரர்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண ஆரம்பித்தால் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் விலக்கு என்று ஒரு பட்டியல், விலக்கில் சிக்காதவர்களுக்குப் பரிகாரம். முதலில் நோய் இருப்பதாகச் சொல்லிப் பிறகு மருந்து விற்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போதே சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2014 செப்டம்பர் 24இல் இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் அதைச் சுற்ற ஆரம்பித்தது. அன்றைக்குப் பெருமையோடு படம் பகிர்ந்த வீடுகளிலேயே ஏழில் செவ்வாய் என்று சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண் பட்டதாரி, நல்ல வேலை. வந்த இடமெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனது. கடைசியில் பவள மோதிரம் வந்தது, கூடவே அசல் என்ற சான்றிதழ். அம்மாவிடம் கேட்டேன். "நான் நம்புறேனா இல்லியாங்கிறது வேற விசயம் அண்ணே. போடலேன்னா நாளைக்கு என் மேலதானே பழி வரும்?" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் விரலை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து மாட்டினார்கள். அந்த மோதிரம் இரண்டு உயிர்களை அவமதிக்கிறது. ஒன்று கடலில் இருந்தது, மற்றது எதிரே நின்றது. குற்றமே செய்யாத ஒரு பெண்ணைக் குறையுள்ளவளாக்குகிற அதே மூடத்தனம்தான், எங்கோ கடலடியில் நாற்பது ஆண்டு வளர்ந்ததையும் வெட்டச் சொல்கிறது.

அந்தக் கூடு எதனால் ஆனது? கால்சியம் கார்பனேட். கோயத்தியாவ் கடையில் நாம் துப்பிவிட்டு வரும் கெராங் சிப்பி ஓடும் அதுதான். சிவப்பு எங்கிருந்து? கேரட்டுக்கு நிறம் தரும் சாயக் குடும்பத்திலிருந்து. இவை செவ்வாயோடு பேசும் என்றால் கெராங் ஓட்டில் சிவப்புத் தடவினாலும் பேச வேண்டும். சந்தையில் பவளம் என்று விற்பதில் சாயமேற்றிய மூங்கில் பவளமும் கண்ணாடியும் பிசினும் தாராளமாகக் கலந்திருக்கின்றன. போலியை அசல் என்று நம்பிப் போட்டவர்களுக்கும் கல்யாணம் நடந்திருக்கிறது, பிள்ளை பிறந்திருக்கிறது. பிறகு அசல் எதற்கு? வலம்புரிச் சங்கின் கதையும் இப்படித்தான். மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி மிக மிக அரிது. ஆனால் அமெரிக்கக் கரையோரம் வாழும் வேறொரு நத்தையினத்துக்கு அந்தப் பக்கம் சுழிவதே இயல்பு. அதன் ஓடுகளும் வலம்புரி என்ற பெயரில் நம் பூசையறைக்குள் வந்துவிடுகின்றன. இலட்சுமி எந்தக் கடலின் நத்தையில் குடியிருக்கிறாள் என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

பெரியார் முதன்முறை மலாயா வந்தது 1929 டிசம்பரில். நூறாண்டு ஆகப்போகிறது. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, இதுவரை படித்ததற்கு மகிழ்ச்சியோடு தலையாட்டும் பகுத்தறிவுத் தோழர்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு. மோதிரம் போடாததால் நம் கை சுத்தமா? மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் இருந்தன. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அரண் போய், இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வெட்டியவர்கள் தோஷம் கழிக்க வெட்டவில்லை. சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வெட்டினார்கள். கணக்குப் பார்த்து, இலாபம் பார்த்து, முழு அறிவோடு செய்த வேலை அது. இந்தியா பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001இல். தீவுகள் திரும்பி வரவில்லை.

இங்கே மட்டும் என்ன? 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமானிலும் ரெடாங்கிலும் பல முக்குளிப்புத் தளங்களை அரசு சில மாதம் மூட வேண்டியதாயிற்று. பாறை கட்டும் பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகின்றன. தண்ணீரின் சூடு வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே அந்தப் பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகத் தொடங்கும். உலகம் முழுக்க நான்காவது முறையாக இந்த வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகளில்தான் கடலுயிரினங்களில் கால்வாசி ஒண்டியிருக்கின்றன. அந்தச் சூட்டில் சோதிடருக்கு எவ்வளவு பங்கோ, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஆளுக்கொரு காரில் தனியாக உட்கார்ந்து போகும் நாத்திகருக்கும் அவ்வளவு பங்கு. வாரக்கடைசியில் போர்ட்டிக்சன் தெலுக் கெமாங்கில் கடல் வற்றும்போது பாருங்கள். வாளியோடு குழந்தைகள் இறங்கி நட்சத்திர மீனையும் சங்கையும் பொறுக்குகிறார்கள், அப்பா படம் எடுக்கிறார். காலடியில் நொறுங்குவது என்ன என்று அந்த அப்பாவுக்குத் தெரியாது, அவர் பொறியியல் படித்தவராக இருந்தாலும்.

"மனிதனுக்குப் பயன் இருந்தால் காப்பாற்றலாம்" என்று சில தோழர்கள் வாதாடுவார்கள். மீன்வளம், சுற்றுலா, மருந்து, கரைப் பாதுகாப்பு என்று பயன்களை அடுக்க என்னாலும் முடியும். அடுக்க மாட்டேன். எல்லாம் மனிதனுக்காகவே உண்டானது என்பது மதங்கள் சொன்ன கதை. கடவுளை வெளியேற்றிவிட்டு அந்தக் கதையை மட்டும் வைத்துக்கொள்வது பகுத்தறிவாகாது. பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றுக்கு ஏறத்தாழ 40 கோடி வயது. அந்தக் காலத்துக் கடலின் அடியில் செத்து விழுந்த சிப்பிகள், பவளங்கள் போன்றவற்றின் கூடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்பு அது. கோலாலம்பூரில் நாம் நிற்கும் தரைக்கு அடியிலும் பல இடங்களில் அதே பாறைதான். மனிதன் என்ற ஒருவன் வருவான், அவனுக்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணி எந்த உயிரும் அங்கே வாழவில்லை. வாழ்வதற்கு நம்மிடம் அனுமதி கேட்க வேண்டிய கடமையும் அவற்றுக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். மகளுக்கோ மருமகளுக்கோ பவளம் போடச் சொன்னால், இது எந்தக் கடலின் எந்த விலங்கு, இதைக் கொன்றால் என் பெண்ணிடம் என்ன மாறும் என்று சொல்பவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பையன் வீட்டாராக இருந்தால் செவ்வாயைக் கேட்காதீர்கள், பெண்ணைக் கேளுங்கள். நகை விற்கும் அன்பர்கள், விலைச்சீட்டில் "விலங்கின் உட்கூடு" என்று எழுதி வையுங்கள். சைவர்கள் படித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும். பிள்ளைகளோடு போர்ட்டிக்சன் போனால் வாளியைக் காரிலேயே விட்டுவிட்டு, குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் இருக்கிற பழைய பவளத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அந்த உயிர் போனது போனதுதான். புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.