தொடாத கை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் கடல் புதிது. தியோமான் தீவருகே முகமூடி மாட்டி நீந்தியபோது கீழே ஒரு திமிங்கலச் சுறா வந்தது. பஸ் அளவு உடம்பு. மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் சாது. நண்பன் தலையைத் தூக்கிச் சொன்னான்: "தொட்டுப் பாருடா, ஒன்னும் செய்யாது!" என் கை நீண்டது.

ஒன்றும் செய்யாது என்பதாலேயே தொட்டுவிடலாமா?

குஜராத் கடலில் இதை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றார்கள். 2001-இல் இந்தியச் சட்டம் தடுத்தது. ஆனால் மனசை மாற்றியது மொராரி பாபு சொன்ன உவமை: பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது. அதன்பின் மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து இதை விடுவித்தார்கள். மலேசியாவிலும் 1999 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால், நடுக்கடலில் என் கையைப் பார்க்க எந்த அதிகாரி இருந்தார்?

கோயிலில் மூலவரை நாம் தொடுவதில்லை. தள்ளி நின்று கும்பிடுகிறோம். பக்தி குறைவா? இல்லை, மரியாதை. மகளென்றும் தெய்வமென்றும் நினைத்தால் கை தானாக மடங்கும்.

மடக்கிக்கொண்டேன். அது நிதானமாக ஆழத்துக்குப் போனது.

இளைஞர்களே, யாரும் பார்க்காத இடத்தில் நம் கையை நாமே தடுப்பதுதான் தர்மம்.