விளையாட்டில் சொல்லும் பொய்

விளையாட்டுக்காகச் சொல்லும் பொய்யும் பொய்தானா? இரு தேசத்து டெலிவிஷன் போட்டிகளை வைத்து யோசிப்போம்.

அமெரிக்காவில் 1956-ல் தொடங்கிய ‘ட்வென்டி ஒன்’ வினாவிடைப் போட்டியில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் 1,29,000 டாலர் வென்றார். விடைகளை முன்னதாகவே கொடுத்திருந்தார்கள். எங்கே தயங்குவது என்பதற்குக்கூடப் பயிற்சி! 1959-ல் பாராளுமன்றக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். அதைத் தடுக்கும் சட்டம் 1960-ல்தான் வந்தது. சட்டம் இல்லாதிருந்தால் என்ன? பார்த்தவர்கள் மெய்யென்று நம்பினார்கள். இதில் சந்தேகத்திற்கு இடமில்லை.

இங்கிலாந்தில் 2007 முதல் 2009 வரை நடந்த ‘கோல்டன் பால்ஸ்’தான் சிக்கலானது. முடிவில் இருவர் எதிரெதிரே அமர்வார்கள். இருவரும் ‘பங்கு’ என்றால் பாதிப்பாதி. ஒருவர் மட்டும் ‘திருட்டு’ என்றால் முழுதும் அவருக்கே. இருவரும் திருடினால் ஒன்றுமில்லை. முதலில் பேசிக்கொள்ளலாம். கையடித்துச் சத்தியம் செய்தவர்களே திருடியதுண்டு. விதி அதற்கு இடங்கொடுத்தது.

சீட்டாடுகிறவன் சீட்டை மறைப்பதில்லையா என்பீர்கள். மறைக்கிறான், ஆனால் ‘என்னை நம்பு’ என்று எதிராளியைக் கெஞ்சுவதில்லையே! விதி பணத்தை எடுத்துக்கொள்ளத்தான் அனுமதி தரும். கொடுத்த வாக்கிலிருந்து விடுதலை தர அதற்கு ஏது அதிகாரம்?

ஆயினும் ஒன்று என்னை மடக்குகிறது. அதே போட்டியில் ஒருவர், “நான் திருடத்தான் போகிறேன், பிறகு பாதி தருகிறேன்” என்று பிடிவாதமாய்ச் சொன்னார். எதிராளி வேறு வழியின்றிப் ‘பங்கு’ எடுத்தார். திறந்து பார்த்தால் இவர் எடுத்திருந்ததும் ‘பங்கு’! சொன்னதோ பொய், செய்ததோ நியாயம். பொய் பொய்தான் என்று நான் படித்த சாஸ்திரம் தீர்த்துவிடும். எனக்கோ அவரைக் கடிந்துகொள்ள நாவெழவில்லை.