தாழியும் குடமும்

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபொழுது, பெருங்கற்காலத்து ஈமத்தில் மனித எலும்புக்கூடும், அதனருகே கறுப்புச் சிவப்பு மட்கலங்களும், பிராமியெழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்றும் வெளிப்பட்டன. முத்திரையைப் பற்றிப் பேசினோர் பலர். மட்கலங்களைப் பற்றிப் பேசினோர் சிலரே. “உடம்பு நில்லாதது, வினையே உடன்வருவது என்று கற்பிக்கின்றீர்கள், நம் முன்னோர் பிணத்தருகே கலம் வைத்தது அறியாமையோ, ஐயா?” என்று ஒரு மாணாக்கன் வினாவின், ஆசிரியர் யாது கூறுவார்? ஆமெனின் முன்னோரை இகழ்ந்தவராவர்; அன்றெனின் தாம் கற்பித்ததையே மறுத்தவர்போலாவர்.

உடம்பைக் காத்தலில் எகிப்தியரை விஞ்சினார் இலர். இறந்தோருடலை உப்பினால் உலர்த்திச் சீலை சுற்றுதற்கு எழுபது நாள் கொண்டனர். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்பவற்றை நான்கு சாடிகளில் வேறுவேறாக இட்டனர். பிற்காலத்துச் சாடிகளின் மூடிகள் மனிதன், குரங்கு, நரி, வல்லூறு என்பவற்றின் தலைவடிவாய் அமைந்தன. இருதயத்தையோ சாடியிலிடாது உடலினுள்ளேயே விட்டனர். மறுமையில் அது தராசிலேற்றி நிறுக்கப்படும் என்பது அவர் துணிபு. குடலுக்கும் சாடி செய்த அம்மக்களும், முடிவில் நிறுக்கப்படுவது ஒருவன் ஒழுகிய ஒழுக்கமே என்று கொண்டமை வியக்கற்பாலது.

இனி, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பவரும் அகழ்ந்து, எலும்புகளடங்கிய தாழிகள் பலவற்றைக் கண்டனர். அத்தகைய தாழியைப் புறநானூறும் அறியும். கணவனையிழந்த ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை அதில் வேண்டுகின்றாள். இறந்தவனுக்கு இன்னது வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. தன் ஆற்றாமையையே சொல்கின்றாள். ஈமத்துக் கலங்களை நோக்குதற்கு அவள் சொல்லே தக்க வழிகாட்டி என்பது எம் கருத்து. மாண்டவர்க்குக் கலத்தாற் பயனுண்டோ என்பது ஒரு வினா. உண்பித்த கை வாளாவிருக்க இயலுமோ என்பது வேறொரு வினா. முன்னையதற்கு இல்லையென்று விடைகூறுவோரும், பின்னையதற்கு அவ்வாறு கூறத் துணியார்.

சிராத்தத்தின் பயனைச் சாத்திரங்கள் கூறும், அது நிற்க. யாமும் கலத்தை முற்ற விட்டோமல்லோம். கொள்ளி வைப்போன் தோளில் நீர்க்குடம் ஏற்றி, சுற்றுக்கொரு துளையிட்டு, ஈற்றில் அதனை உடைக்கின்றோம். சாம்பலையும் கலத்திலேந்திக் கீரிமலைக் கடலிற் கரைக்கின்றோம். எகிப்தியர் கலத்தை மூடிவைத்தனர், யாம் உடைக்கின்றோம். எனினும், உடைக்கும் அக்கணத்திற் கை நடுங்காதார் யார்?

ஆதலின், அம்மாணாக்கனுக்கு உடனே விடைகூற முந்தற்க. அவன் கண்டிருக்கக்கூடிய கொள்ளிக்குடத்தை நினைப்பித்து, அது யார்பொருட்டு உடைக்கப்பட்டது என்று அவனையே வினாவுக.