இருவருக்கும் தெரிந்த ரகசியம்

புற்றுநோய் மருத்துவர்களின் அறை வாசலில் நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "டாக்டர், அவங்ககிட்ட எதுவும் சொல்லிடாதீங்க." சொல்பவர் பெரும்பாலும் கணவர், இல்லையென்றால் மூத்த மகன். பொய் சொல்லும்படி இன்னொருவரைக் கேட்கிறோம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அன்பின் பேரில்தான் கேட்கிறார். அதில் தவறு ஏதும் இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்பது கொஞ்ச காலமாக என்னைக் குடையும் கேள்வி.

இதை நம்ம ஊர்ப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1961இல் டொனால்ட் ஓகன் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே கேள்விகளை வேறொரு அமெரிக்கக் குழு கேட்டது. 97 சதவீதத்தினர் சொல்லவே விரும்புவதாகப் பதிலளித்தார்கள். பதினெட்டு வருடத்தில் மனித இயல்பா மாறிவிடும்? சிகிச்சை முன்னேறியது, நோயாளியின் உரிமை பற்றிய எண்ணம் மாறியது. 'உண்மையை அவங்க தாங்க மாட்டாங்க' என்று அதுவரை உறுதியாகச் சொன்னவர்கள், தாங்குவார்களா என்று கேட்டுப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் மருத்துவர் சொல்வது வேறு, கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது வேறு. அங்கே எந்தப் படிவத்திலும் யாரும் கையெழுத்து போடுவதில்லை.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது சித்தப்பா ரிப்போர்ட்டை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். 'கட்டி, மருந்துல கரைஞ்சிடும்' என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட செய்தி. சிகிச்சை நாட்களில் துணைக்கு நான் அங்கே தங்கியிருந்தேன். ஒரு மதியம் சித்தி சொன்னார்: "ஆஸ்பத்திரி வாசல்ல அவ்ளோ பெருசா போர்டு வச்சிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதாடா?"

"அப்ப சித்தப்பாகிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"வேணாம். அவரு தாங்க மாட்டாரு."

அதே வாரம் மருந்துக்கடை வாசலில் சித்தப்பா என்னிடம் சொன்னது: "அவ தாங்க மாட்டாடா." வார்த்தைகூட மாறவில்லை.

பொய் பற்றி யோசித்தவர்கள் இங்கே எனக்கு அவ்வளவாக உதவவில்லை. கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் காண்ட். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மைதான் என்று வாய்மை அதிகாரத்திலேயே இடம் விடுகிறார் வள்ளுவர். என் சாய்வு வள்ளுவர் பக்கம். ஆனால் இரண்டு பேச்சிலும் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. சித்தி வீட்டிலோ இருவருக்கும் தெரியும். ஏமாந்தவர் யாருமில்லாதபோது அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு நாடகம். இரண்டு நடிகர்கள், பார்வையாளர் கிடையாது. அதில் அடிபடுவது உண்மை அல்ல, துணை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயப்பட வேண்டியிருந்தது.

துணையைக் காப்பாற்றுவதற்காகத் தன் கவலையை மறைப்பது, எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டுவிடுவது - இதை 1991இல் ஜேம்ஸ் காயினும் உடன் ஆய்வாளரும் மாரடைப்பு வந்தவர்களின் மனைவிகளிடம் ஆராய்ந்தார்கள். அதிகம் மறைத்த மனைவிகள்தான் அதிக மன உளைச்சலில் இருந்தார்கள். பிறகு புற்றுநோய்த் தம்பதிகளிடமும் இந்த மறைப்பு ஆராயப்பட்டது. எனக்கு ஆய்வைவிட ஒரு இரவுதான் தெளிவாகப் புரியவைத்தது.

சித்திக்கு முதல் கீமோவில் ஏற்றியது சிவப்பு மருந்து. டாக்ஸோருபிசின். அது ஏறினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ஆபத்தில்லை. நர்ஸ் அதை சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். அவர் சித்தியிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், மருந்தைச் சொன்னால் நோயைச் சொல்ல வேண்டும். அன்றிரவு பாத்ரூமில் சிவப்பைப் பார்த்த சித்தி, ரத்தம் என்றே நினைத்தார். அவரும் எழுப்பவில்லை. "பாவம், அலைஞ்சுட்டு வந்து அப்பதான் தூங்கினாரு." விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறார். நல்லவேளை, அது வெறும் நிறம். கீமோ காலத்தில் வரும் காய்ச்சலை இப்படி விடியும்வரை மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

"ஒன்னும் ஆகாது, நெகட்டிவா பேசாத" என்ற வாக்கியத்தை நாம் ஆறுதல் வகையில் சேர்த்திருக்கிறோம். எனக்கு அது ஒரு வேண்டுகோளாகத்தான் கேட்கிறது. உன் பயத்தை என்னிடம் கொண்டு வராதே, அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்ற வேண்டுகோள். டால்ஸ்டாயின் இவான் இலியிச்சை வலியைவிட அதிகமாக வதைப்பது, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அவன் சாகவில்லை என்று நடிப்பதுதான். நடிக்காத ஒரே ஆள் வேலைக்காரன் ஜெராசிம். அவனும் பெரிதாக எதுவும் பேசிவிடுவதில்லை. எஜமானின் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் 'எல்லாத்தையும் மனம்விட்டுப் பேசிடுங்க' என்ற ஆலோசனையும் எனக்கு ஒத்துவரவில்லை. முப்பது வருடம் "சாப்டாச்சா?" என்பதிலேயே எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய இருவரை எதிரெதிரே உட்காரவைத்து உணர்ச்சிகளைப் பகிரச் சொன்னால் இருவரும் டிவியைப் போட்டுவிடுவார்கள். பேசாமல் இருக்க விரும்பும் நோயாளியும் உண்டு. அது அவருடைய உரிமை. அவருக்குப் பதிலாக நாம் முடிவெடுப்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணின் மௌனம் எப்போதும் அன்பிலிருந்து வருவதில்லை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூளைக்கட்டி, பிற புற்றுநோய்கள், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 515 பேரைத் தொடர்ந்து கவனித்தது. நோயாளி மனைவியாக இருந்த இணைகளில் 20.8 சதவீதம் பிரிந்தன. கணவனாக இருந்தபோது 2.9 சதவீதம். இங்கே விவாகரத்து வரைக்கும் போவதில்லை. 'ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் அம்மா வீட்ல இருக்கட்டும்' என்பதோடு முடித்துக்கொள்வதை இரண்டு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் உள்ள பெண் ஏன் வாயைத் திறப்பாள்? வலிக்கிறது என்று சொன்னால் தானும் ஒரு செலவாகிவிடுவோம் என்று கணக்குப் போடுவாள். கீமோ முடிந்த மூன்றாம் நாளே சித்தி துடைப்பத்தை எடுத்ததில் அந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

தாளிப்பு வாசனை சித்திக்குக் குமட்ட ஆரம்பித்ததும் சித்தப்பா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். உள்ளேயிருந்து கத்துவார்: "சீரகம் எங்க?" சித்தி படுத்தபடியே பதில் சொல்வார். சீரகம், பெருங்காயம், கேஸ் புக், பால்காரர் கணக்கு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு ஒருநாள் எல்ஐசி பத்திரத்துக்கு வந்தது. பிறகு வங்கி லாக்கர். நாமினி யார் என்று சித்தி கேட்டார்.

"இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று கரண்டியோடு வெளியே வந்தார் சித்தப்பா.

"நான் இல்லாதப்ப நீங்க தேடிட்டு நிக்கக் கூடாதுல்ல."

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சொல்லு. எழுதிக்கிறேன்."

மூன்று பக்கம் போனது. நகை, சீட்டுப் பணம், யாருக்கு எவ்வளவு மொய் திருப்ப வேண்டும் என்பதுவரை. நடுவில் பேனா நின்றது. "ராத்திரில பயமா இருக்கா?" என்று கேட்டார். சித்தி, "இருக்கு" என்றார். "எனக்கும்" என்று சொல்லிவிட்டு, மொய்க் கணக்கில் அடுத்தது யார் என்று கேட்டார் சித்தப்பா.